விலைப்பட்டியலின் கடைசிப் பக்கம்

1990களின் முற்பாதியில் கலிஃபோர்னியாவில் வொர்க்ஸ்டேஷன் விற்ற ஒரு நிறுவனத்தில் எஸ்.ஈ.யாக, அதாவது சிஸ்டம்ஸ் எஞ்சினியராக, வேலை பார்த்தேன். விலையும் தள்ளுபடியும் பேசுவது விற்பனைப் பிரதிநிதியின் பொறுப்பு. வாடிக்கையாளரின் புரோகிராமை எங்கள் இயந்திரத்தில் ஓட்டிக் காட்டுவதும், எவ்வளவு நினைவகம் வேண்டும், எவ்வளவு பெரிய வட்டு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பதும், பெட்டி வந்து இறங்கிய பிறகு எழும் புகார்களைத் தீர்ப்பதும் என் பொறுப்பு. இயந்திர வடிவமைப்பாளர்கள், சிப் வடிவமைப்பாளர்கள், வங்கி வர்த்தகர்கள், பல்கலைக்கழக ஆய்வாளர்கள் என்று பலரும் எங்கள் டெமோ அறைக்கு வந்துபோனார்கள்.

அவர்களில் விவரம் தெரிந்தவர்கள் தவறாமல் ஒன்று கேட்பார்கள். "வேறொரு கம்பெனியின் வரைகலை இடைமுகமும் உங்கள் இயந்திரத்தில் ஓடும் என்று அறிவித்தீர்களே, அதைக் கொஞ்சம் காட்ட முடியுமா?" அறிவித்தது உண்மைதான். மேலிடத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தில் அதற்கு ஒரு பார்ட் நம்பரும் கொடுத்திருந்தார்கள். ஆனால் டெமோ அறையில் இருந்த எந்த இயந்திரத்திலும் அதை ஏற்றி வைத்திருக்கவில்லை.

சதி என்று சிலர் சொன்னார்கள். அந்த இடைமுகம் சரியில்லை, அதனால்தான் மறைக்கிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. நான் உள்ளே பார்த்த காரணம் இவற்றைவிடச் சாதாரணமானது. அதை விற்றால் தனக்கு வருமானம் கூடும் என்ற நிலையில் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை.

வெளியாருக்கு இது புரிய வேண்டுமானால் அன்றைய விற்பனை எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். விற்பனைப் பிரதிநிதிக்கு ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு கோட்டா உண்டு. அது டாலர் கணக்கு. ஓர் இயந்திரம், பெரிய திரை, கூடுதல் நினைவகம், வட்டு எல்லாம் சேர்த்தால் இருபதாயிரம் டாலரைத் தாண்டும். இடைமுக மென்பொருள் அதோடு ஒப்பிட்டால் சிறு தொகை, அதிலும் ஒரு பங்கு உரிமத் தொகையாக வேறு கம்பெனிக்குப் போய்விடும். கமிஷன் கணக்கில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் அதைக் காட்டுவதால் வரும் ஆபத்து பெரியது. இரண்டு இடைமுகங்களைப் பார்த்துவிட்ட வாடிக்கையாளர் யோசிக்கத் தொடங்குவார். எதில் எழுதுவது, எது நிலைக்கும், நம் ஆட்களுக்கு எதில் பயிற்சி கொடுப்பது என்று அவருடைய அலுவலகத்தில் ஒரு குழு போடுவார்கள். குழு கூடி முடிவெடுப்பதற்குள் காலாண்டு முடிந்துவிடும். முடிவெடுக்கத் தயாராக வந்தவரிடம் புதிதாக ஒரு தேர்வை நீட்டுவதை எந்த நல்ல விற்பனையாளரும் செய்யமாட்டார். எங்கள் பிரதிநிதிகள் மோசமானவர்கள் அல்லர். குடும்பம் நடத்த வேண்டியவர்கள்.

டெமோ இயந்திரம் இன்னொரு தடை. தலைமையகத்திலிருந்து ஒரு நாடாவில் வந்ததைத்தான் வட்டில் ஏற்றுவோம். அதில் நிறுவனத்தின் சொந்த இடைமுகமும் அதற்கேற்ற டெமோக்களும் இருக்கும். வெளியிலிருந்து வாங்கிய இடைமுகத்தை ஏற்ற வேண்டுமானால் கூடுதல் வட்டு வேண்டும். அதைவிட முக்கியம், கூடுதல் நினைவகம் வேண்டும். அன்று ஒரு மெகாபைட் நினைவகத்துக்கே சில பத்து டாலர் ஆகும். பதினாறு மெகாபைட் உள்ள இயந்திரத்தில் அதை ஓட்டினால் ஒரு ஜன்னலைத் திறக்கும்போதெல்லாம் வட்டு முனகும், பார்ப்பவர் முகம் சுளிப்பார். முப்பத்திரண்டு கொடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தக் கூடுதல் நினைவகத்துக்கு யார் பட்ஜெட்டில் பணம் எடுப்பது? கிளை மேலாளர் எடுக்கமாட்டார். தலைமையகத்தில் அந்த இடைமுகத்துக்கென்று ஒரு பொருள் மேலாளர் இருந்தார், அவரிடம் பணம் இல்லை. இப்படியே அது மெதுவானது என்ற பெயரை எங்கள் கட்டடத்துக்குள்ளேயே வாங்கிவிட்டது.

டெண்டர்களும் இதற்கு உதவவில்லை. 1989 முதல் ஸ்பெக் அமைப்பின் செயல்திறன் எண்களைத்தான் எல்லோரும் கேட்டார்கள். ஒரு டாலருக்கு எத்தனை ஸ்பெக்மார்க் என்று அட்டவணை போட்டு ஒப்பிடுவார்கள். ஒரு மனிதர் திரை முன்னால் உட்கார்ந்து ஒரு வேலையை முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்பதற்கு அந்த அட்டவணையில் இடமே கிடையாது. எங்கள் வேலை அட்டவணையில் இருப்பதை நிரப்புவது.

பிறகு ஆதரவுப் பிரிவு. வாடிக்கையாளரின் திரை உறைந்துபோனால் போன் எங்களுக்குத்தான் வரும். கோளாறு யாருடைய கோடில் என்று கண்டுபிடிக்கவே நாட்கள் ஆகும். எங்கள் கெர்னலிலா, திரை டிரைவரிலா, உரிமம் வாங்கி வந்த இடைமுகத்திலா? கடைசியில் சொன்னதில் என்றால் எங்களால் திருத்தவும் முடியாது. உரிமம் கொடுத்த கம்பெனிக்கு எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். திட்டு எங்களுக்கு, பணம் அவர்களுக்கு. இப்படி ஓர் அனுபவம் வந்தால் போதும், அந்தக் கிளையில் யாரும் அந்தப் பார்ட் நம்பரை மறுபடி எழுதமாட்டார்கள்.

இவ்வளவும் கீழ்த்தளத்துக் காரணங்கள். மேல்தளத்தில் வேறு காரணங்கள் ஓடின. அவற்றுக்கு 1980களின் நடுவிலிருந்து தொடங்க வேண்டும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களின் நடுவில் என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையைக் கொண்டுவந்தது. விவரக்குறிப்பை வெளியிட்டு, உரிமத்தைத் தாராளமாகக் கொடுத்தது. டெக், எச்பி, ஐபிஎம் என்று போட்டியாளர்கள் எல்லோருமே எடுத்துக்கொண்டார்கள். அந்த வெற்றியை அடுத்து சன் இரண்டாவது காரியத்தில் இறங்கியது. ஜேம்ஸ் காஸ்லிங்கும் டேவிட் ரோசென்டாலும் உருவாக்கிய ஜன்னல் முறை அது, பெயர் நியூஸ். திரையை இயக்கும் சர்வருக்குள்ளேயே போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி ஓடும். புரோகிராம் தன் ஒரு பகுதியைத் திரை இருக்கும் இயந்திரத்துக்கே அனுப்பிவிடலாம். மெனு விரிவது, சுட்டியை இழுக்கும்போது கோடு நீள்வது போன்ற வேலைகள் நெட்வொர்க்கைத் தாண்டிப் போய்வர வேண்டியதில்லை. இன்று வலைப்பக்கங்கள் உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிச் செய்யும் காரியத்தின் அடிப்படை எண்ணம் அங்கே இருந்தது. அதில் எழுதப்பட்ட சில சிறு கருவிகளைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை. வட்ட வடிவ ஜன்னலைக்கூட அது சிரமமில்லாமல் வரையும்.

ஆனால் போட்டியாளர்கள் என்எஃப்எஸ்ஸை எடுத்ததுபோல் இதை எடுக்கவில்லை. கோப்பு எங்கிருந்து வருகிறது என்பது பயனருக்குத் தெரியாது. திரையில் தெரிவதோ கம்பெனியின் முகம். நாள் முழுக்கத் தங்கள் வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கும் முகம் சன்னுடையதாக இருக்கவும், அதன் அடுத்த பதிப்பு எப்போது வரும், என்ன விலை என்பதை சன் முடிவுசெய்யவும் யாரும் சம்மதிக்கவில்லை. எதிரே எம்ஐடியின் எக்ஸ் விண்டோ முறை இருந்தது. 1984இல் அதீனா திட்டச் சூழலில் பிறந்தது. அதீனாவுக்குப் பணம் கொடுத்தவர்கள் டெக்கும் ஐபிஎம்மும். மூல நிரல் இலவசம், யார் வேண்டுமானாலும் மாற்றி விற்கலாம். 1987 செப்டம்பரில் எக்ஸ்11 வெளியானபோது தொழில்துறை ஏற்கெனவே அதன் பக்கம் சாய்ந்திருந்தது. நியூஸை நம்பித் தன் இயந்திரத்தில் ஏற்றியவர்களில் குறிப்பிடத்தக்கது சிலிக்கன் கிராஃபிக்ஸ். அவர்களும் பிறகு எக்ஸுக்கு மாறினார்கள். சன் இரண்டையும் ஒரே சர்வரில் ஒட்டிப் பார்த்தது. அது கனமாகவும் சிக்கலாகவும் ஆனது. தன் இயக்கமுறையான சோலாரிஸின் 2.3 பதிப்பில் நியூஸ் பகுதியை எடுத்துவிட்டு அடோபியின் டிஸ்ப்ளே போஸ்ட்ஸ்கிரிப்டைச் சேர்த்தார்கள். தொழில்நுட்பத்தில் எக்ஸைவிட நியூஸ் உயர்ந்தது என்பதுதான் இன்றும் என் கருத்து. அதை உருவாக்கியது ஒரு போட்டியாளர் என்பதே அதன் குறை.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த ஐந்து வருடச் சண்டையில் கற்றுக்கொள்ள அதிகமில்லை. 1988இல் யூனிக்ஸின் உரிமையாளரான ஏடி அண்ட் டி சன்னின் பங்குகளை வாங்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் இருவரும் ஓப்பன் லுக் என்ற இடைமுக வடிவமைப்பை அறிவித்தார்கள். மற்றவர்கள் அலறினார்கள். மே மாதம் டெக், எச்பி, ஐபிஎம், அப்போலோ முதலியவை சேர்ந்து ஓப்பன் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனை அமைத்தன. அடுத்த ஆண்டு அவர்களுடைய மோட்டிஃப் வந்தது. டெக்கின் டூல்கிட், எச்பியின் புடைத்த பொத்தான்கள், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம் இரண்டின் பிரசென்டேஷன் மேனேஜரை ஒத்த நடத்தை, இவற்றின் கலவை அது. ஓப்பன் லுக்கில் ஒரு மெனுவைக் குண்டூசியால் குத்தித் திரையிலேயே நிறுத்தி வைக்கலாம். உருள்பட்டையில் ஒரு லிஃப்ட் போன்ற சிறு பெட்டி, அதை அழுத்தினால் சுட்டியும் கூடவே நகரும். சிந்தித்துச் செய்த வடிவமைப்பு. மோட்டிஃபுக்கு அந்த நுணுக்கம் கிடையாது. ஆனால் அது யாருடைய முகமாகவும் இல்லாதது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. 1993 மார்ச்சில் சன் விட்டுக்கொடுத்தது. எச்பி, ஐபிஎம் முதலானவர்களுடன் சேர்ந்து, மோட்டிஃபை அடிப்படையாகக் கொண்ட பொது டெஸ்க்டாப் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டது. அதுதான் சிடிஇ. எச்பியின் வியூ டெஸ்க்டாப்பின் சாயல் அதில் அப்படியே தெரியும்.

இந்தச் சண்டையின்போது ஒரு கம்பெனியாவது எதிரணி இடைமுகத்தையும் தன் இயந்திரத்தில் மனமுவந்து கொடுத்திருந்தால் பயனர்கள் தாங்களே தேர்ந்தெடுத்திருப்பார்கள். எக்ஸின் வடிவமைப்பே அதை அனுமதித்தது. ஜன்னல் சர்வர் வேறு, பொத்தானும் மெனுவும் வரையும் டூல்கிட் வேறு, ஜன்னல்களை நகர்த்தும் மேனேஜர் வேறு. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடலாம். போட விருப்பம் இருந்தவர்கள் பல்கலைக்கழகங்களில் தாங்களாகவே கம்பைல் செய்து போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு உதவி கேட்டு எங்களுக்கு வந்த அழைப்புகளை நான் மகிழ்ச்சியோடு எடுத்துப் பேசினேன். அந்த நேரத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியவில்லை.

என்னை மிகவும் பாதித்தது நெக்ஸ்ட் கம்பெனியின் இடைமுகமான நெக்ஸ்ட்ஸ்டெப் பட்ட பாடு. மூன்று பெரிய கம்பெனிகளின் இயந்திரங்களில் அது ஓடியது. மூன்றிலும் தேங்கிப்போனது.

முதலில் ஐபிஎம். 1988இல் நெக்ஸ்ட் கணினி அறிமுகமானபோதே ஐபிஎம் நெக்ஸ்ட்ஸ்டெப்புக்கு உரிமம் வாங்கியிருந்தது. பேச்சு நடத்தி முடித்தவர் வில்லியம் லோவ். ஐபிஎம் பிசி உருவானபோது பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர். அவர் அந்த ஆண்டே ஐபிஎம்மை விட்டுப் போனார். ஆதரித்தவர் போன பிறகு ஒப்பந்தம் மட்டும் மிஞ்சியது. பெரிய கம்பெனிகளில் இது அடிக்கடி நடக்கும். உரிமம் வாங்குவது ஒரு மனிதரின் நம்பிக்கையால், அதை விற்க வேண்டியது நிறுவனத்தின் பழக்கத்தால். 1990இல் ஆர்எஸ்/6000 வரிசை வந்தபோது ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ் மேல் ஓடும் நெக்ஸ்ட்ஸ்டெப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அதே இயந்திரத்துக்கு மோட்டிஃபை அடிப்படையாகக் கொண்ட ஏஐஎக்ஸ்விண்டோஸ் இருந்தது. இன்னொரு பக்கம் ஓஎஸ்/2க்கு முழு மூச்சாகப் பணம் போய்க்கொண்டிருந்தது. நெக்ஸ்ட் தன் சொந்த இயந்திரத்தில் இரண்டாம் பதிப்புக்கு நகர்ந்தபோது ஐபிஎம்மிடம் இருந்தது முதல் பதிப்புதான். சில காலத்தில் பட்டியலிலிருந்தும் போய்விட்டது.

எச்பி விஷயத்தில் நெக்ஸ்டே முன்வந்து வேலை செய்தது. 1993 பிப்ரவரியில் நெக்ஸ்ட் சொந்த இயந்திரத் தயாரிப்பை நிறுத்தி மென்பொருள் கம்பெனியாகியிருந்தது. எச்பியின் பிஏ-ரிஸ்க் சிப்புக்கு நெக்ஸ்ட்ஸ்டெப்பைக் கொண்டுபோனார்கள். 712 மாடலில் அது ஓடிய வேகத்தை நான் பார்த்திருக்கிறேன். நெக்ஸ்டின் சொந்தக் கறுப்புப் பெட்டியில்கூட அப்படி ஓடியதில்லை. ஆனால் எச்பியின் இயக்கமுறையான எச்பி-யூஎக்ஸுக்குப் பதிலாக நெக்ஸ்ட்ஸ்டெப்பின் இயக்கமுறையை ஏற்றினால் அந்தப் பெட்டியில் எச்பியின் மற்ற மென்பொருள்கள் ஓடாது. தன் கம்பெனியின் மென்பொருள் வருமானத்தை வெட்டிவிட்டுப் பெட்டியை மட்டும் விற்க எந்தப் பிரதிநிதி முன்வருவார்? அதோடு, அதே நெக்ஸ்ட்ஸ்டெப் இன்டெல் பிசியிலும் ஓடும். எச்பி பெட்டியில் எழுதிய புரோகிராமை மறுபடி கம்பைல் செய்து மலிவான 486இல் ஓட்டலாம். வாடிக்கையாளருக்கு அது விடுதலை. விற்பவருக்கு, அடுத்த ஆர்டர் கையைவிட்டுப் போகும் வழி. மேல்தளத்துப் பயம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. எந்தப் பெட்டியிலும் ஒரே மாதிரி ஓடும் இடைமுகம் இருந்தால் பெட்டி வெறும் பெட்டியாகிவிடும். பிறகு விலையைக் குறைத்தவன்தான் விற்பான்.

சன்னோடு நடந்தது இன்னும் வருத்தம் தருவது, ஏனென்றால் அங்கே தொடக்கம் மிக நன்றாக இருந்தது. 1993 நவம்பரில் சன் நெக்ஸ்டில் ஒரு கோடி டாலர் முதலீடு செய்தது. நெக்ஸ்ட்ஸ்டெப்பின் பொருள்நோக்குப் பகுதியை மட்டும் தனியே பிரித்து, எந்த இயக்கமுறை மேலும் ஓடக்கூடிய பொதுத் தரமாக ஓப்பன்ஸ்டெப் என்று 1994இல் வெளியிட்டார்கள். சன்னின் சொந்தப் பரவல் பொருள் திட்டமான டிஓஇக்கு முன்முகப்பாக ஓப்பன்ஸ்டெப் இருக்கும் என்பது திட்டம். சிடிஇக்கு ஒப்புக்கொண்ட எட்டே மாதத்தில், சிடிஇக்கு நேர்போட்டியான ஒன்றை சன் தழுவியது.

ஓப்பன்ஸ்டெப்பின் மதிப்பை அறிய ஓர் இடைமுகத்தைக் கட்டிப்பார்க்க வேண்டும். மோட்டிஃபில் ஒரு சிறு படிவம் செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு பொத்தானையும் கோடில் உருவாக்கி, எதன் இடது ஓரம் எதோடு ஒட்டும் என்று வரி வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கால்பேக் ஃபங்ஷன் கட்டி, கம்பைல் செய்து பார்த்து, ஒரு பிக்சல் தள்ளி நிற்பதற்காக மறுபடி தொடங்க வேண்டும். நெக்ஸ்டில் ழான்-மரி உல்லோ உருவாக்கிய இன்டர்ஃபேஸ் பில்டர் இருந்தது. பொத்தானை இழுத்து ஜன்னலில் வைத்து, அதிலிருந்து ஒரு கோடு இழுத்து எந்தப் பொருளின் எந்தச் செயலோடு இணைய வேண்டும் என்று காட்டினால் போதும். கம்பைல் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் செர்னில் முதல் வலை உலாவியை ஒரு நெக்ஸ்ட் கணினியில் எழுதினார். ஸ்விஸ் பேங்க் கார்ப்பரேஷன் போன்ற வங்கிகள் டெரிவேட்டிவ் வர்த்தகத்துக்கான மென்பொருளை அதில் கட்டின. அந்தத் துறையில் ஒரு புதுவகைப் பத்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவர முதலில் அதற்கான திரை தயாராக வேண்டும். வர்த்தகர் காலையில் கேட்டதை அவர் பக்கத்தில் உட்கார்ந்தே மாற்றிக் காட்டும் புரோகிராமர்களை நான் பார்த்தேன். மோட்டிஃபில் அதே மாற்றத்துக்குத் தேதி குறித்து, விவரக்குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள்.

வங்கி ஆட்கள் ஓப்பன்ஸ்டெப் சோலாரிஸில் வருகிறது என்றதும் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்கள். அவர்களுடைய சர்வர்கள் ஏற்கெனவே சன். இனி மேசையிலும் சன்னை வைக்கலாம். பணம் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த வாடிக்கையாளர்கள் இவர்கள்.

1995 மே மாதம் சன் ஜாவாவை அறிவித்தது. சில மாதங்களில் அந்தக் கம்பெனியின் கவனம் முழுவதும் திரும்பிவிட்டது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஜாவா அவர்களுடைய சொந்தச் சொத்து, பத்திரிகைகள் வேறெதையும் எழுதவில்லை. டிஓஇ நியோ என்ற பெயரில் வெளிவந்தது. ஓப்பன்ஸ்டெப்பின் சோலாரிஸ் பதிப்பு 1996இல் வந்தது. அதே ஆண்டு, நெக்ஸ்ட்ஸ்டெப் உலகின் மிகச்சிறந்த அலுவலக மென்பொருள்களை எழுதிய லைட்ஹவுஸ் டிசைனை சன் விலைக்கு வாங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒழுங்காக நடப்பதுபோல் இருக்கும். இடைமுகம் வந்துவிட்டது, அதற்கான மென்பொருள்களும் கைக்குள் வந்துவிட்டன. ஆனால் லைட்ஹவுஸ் ஆட்களை ஜாவாவில் அலுவலக மென்பொருள் எழுத உட்கார வைத்தார்கள். லைட்ஹவுஸின் மென்பொருள்களான குவான்ட்ரிக்ஸும் டயகிராமும் சோலாரிஸ் வாங்குபவர் கைக்கு முறையான பொருளாக வரவில்லை. டிசம்பரில் ஆப்பிள் நெக்ஸ்டை வாங்குவதாக அறிவித்தது. அதன் பிறகு சோலாரிஸில் ஓப்பன்ஸ்டெப் தேங்கிப்போனது.

இங்கே மென்பொருள் கம்பெனிகளின் பங்கையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடைமுகத்தின் தலையெழுத்தை இறுதியில் அவர்கள்தான் எழுதினார்கள். வொர்க்ஸ்டேஷனை யாரும் இடைமுகத்துக்காக வாங்கவில்லை. கேடன்ஸ், மென்டர், புரோ/எஞ்சினியர் போன்ற ஒரு மென்பொருளுக்காக வாங்கினார்கள். பிறகு அது எந்தப் பெட்டியில் வேகமாக ஓடும் என்று தேடினார்கள். அந்த மென்பொருள் கம்பெனிகள் எங்களிடம் ஒரே கேள்விதான் கேட்டன: "எல்லாப் பெட்டியோடும் இலவசமாகப் போவது எது?" தனி விலை, தனி நாடா, கடைசிப் பக்கம் என்று இருக்கும் ஒன்றுக்கு அவர்கள் எழுதமாட்டார்கள். அவர்கள் எழுதாததால் வாடிக்கையாளர் கேட்கமாட்டார். வாடிக்கையாளர் கேட்காததால் நாங்கள் பெட்டியோடு சேர்க்கமாட்டோம். இந்த வளையத்தை உடைக்கக் கூடியவர் இயந்திரத் தயாரிப்பாளர் ஒருவர்தான். முதல் இரண்டு வருடம் நஷ்டத்தோடு, கேட்காதவருக்கும் இலவசமாகக் கொடுத்து, சில முக்கியமான மென்பொருள்களை மாற்றி எழுதப் பணமும் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பணம் எங்களிடம் இருந்தது. வேறு ஒரு கம்பெனியின் சொத்தை வளர்ப்பதற்கு அதைக் கொடுங்கள் என்று இயக்குநர் குழு முன் போய்க் கேட்கும் துணிச்சல் யாரிடமும் இல்லை.

வேறொருவரின் இடைமுகத்தை வொர்க்ஸ்டேஷன் தயாரிப்பாளர்கள் விளம்பரப்படுத்தியதே இல்லை என்றும் சொல்ல முடியாது. விண்டோஸ் என்டி 1993இல் வந்தது. 1996இல் வந்த 4.0 பதிப்பு விண்டோஸ் 95இன் முகத்தை அணிந்திருந்தது. இன்டெலின் பென்டியம் ப்ரோவும் அப்போது கையில் கிடைத்தது. பெரிய வடிவமைப்பு (சிஏடி) மென்பொருள்கள் என்டிக்கு நகர்ந்தன. பிறகு எச்பி காயக் என்ற பெயரில் என்டி வொர்க்ஸ்டேஷன்களை விற்றது. சிலிக்கன் கிராஃபிக்ஸ்கூட 1999இல் என்டி இயந்திரங்களை அறிமுகப்படுத்தியது. முழுப்பக்க விளம்பரம், டெமோ இயந்திரம், பயிற்சி வகுப்பு எதற்கும் பஞ்சமில்லை. நெக்ஸ்ட்ஸ்டெப்புக்கு ஒரு நினைவகப் பலகை தராதவர்கள் என்டிக்குக் கூடம் வாடகைக்கு எடுத்தார்கள். வாடிக்கையாளரின் மென்பொருள் அங்கே ஏற்கெனவே போய்விட்டதால், விற்காவிட்டால் ஆர்டர் வேறு எங்காவது போகும். அந்தப் பயத்தில் எல்லாத் தடைகளும் ஒரே நாளில் நீங்கின. பெட்டி வெறும் பெட்டியாகிவிடும் என்று அஞ்சி நல்ல இடைமுகங்களை ஒதுக்கியவர்கள் கடைசியில் அந்த இடத்துக்கே வந்துசேர்ந்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. யூனிக்ஸ் டெஸ்க்டாப்புக்கு 1994இல் ஒரு வாய்ப்பு இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆப்பிளுக்குள் போனதும் அதே ஓப்பன்ஸ்டெப்பை யாரும் ஒதுக்கவில்லை. 2001 மார்ச்சில் வந்த மேக் ஓஎஸ் எக்ஸ் அதன் மேல்தான் நின்றது. இன்றும் மேக்குக்கு எழுதுபவர்கள் என்எஸ் என்று தொடங்கும் பெயர்களைத் தட்டச்சு செய்கிறார்கள். அங்கே பெட்டியின் லாபமும் இடைமுகத்தின் செலவும் ஒரே பேரேட்டில் வந்தன.

சன் இன்னொரு தடவை வெளியிலிருந்து ஓர் இடைமுகத்தை எடுத்தது. அந்தத் தடவை உண்மையாகவே உழைத்தது. 2000 ஆகஸ்டில் க்னோம் ஃபவுண்டேஷன் அறிவிக்கப்பட்டபோது, சிடிஇக்குப் பதிலாக க்னோமைத் தன் டெஸ்க்டாப்பாக்குவோம் என்று சன் சொன்னது. எச்பியும் அன்று கூடவே நின்றது. மிகேல் டி இகாசா 1997இல் தொடங்கிய க்னோம் எந்தப் போட்டியாளருக்கும் சொந்தமில்லை. உரிமத் தொகையும் இல்லை. முன்பு நான் பார்த்த தயக்கம் எதுவும் இல்லாமல் சன் தன் பொறியாளர்களை அதில் இறக்கியது. 2001இல் உண்மையான பயனர்களை உட்கார வைத்து ஆய்வு செய்து முடிவுகளை எல்லோருக்கும் கொடுத்தது. பார்வையற்றவர்களும் விசைப்பலகையை வழக்கம்போல் இயக்க முடியாதவர்களும் பயன்படுத்துவதற்கான அடிப்படைக் கட்டமைப்பை அதன் அணுகல்தன்மைக் குழு எழுதியது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஆர்கா அந்தக் குழுவில் வளர்ந்தது. அதற்குள் யூனிக்ஸ் வொர்க்ஸ்டேஷன் சந்தையே சுருங்கிவிட்டது. 2010 ஜனவரியில் சன் ஆரக்கிளின் கைக்குப் போனது. ஆர்கா தன்னார்வலர்களாலும் வேறு கம்பெனிகளின் உதவியாலும் தொடர்ந்து வளர்கிறது. உபுண்டுவை நிறுவுபவருக்கு அது கூடவே வருகிறது.